உரித்த உடனே 65 டிகிரி, மறுநாள் 90: கிராஃபைட்டில் தண்ணீரின் சேர்கோணம் எது?

ஊட்டி_லேப்

எம்.எஸ்சி. செய்முறைக்குப் படிக கிராஃபைட் தகட்டின் மேல் தண்ணீர்த் துளி வைத்துச் சேர்கோணம் எடுக்கிறோம் (துளியின் விளிம்பு தகட்டைத் தொடும் இடத்தில் தண்ணீருக்குள் அமையும் கோணம்; அது சிறிதானால் தண்ணீர் நன்றாகப் படிகிறது என்று பொருள்). செலோடேப் ஒட்டி மேலடுக்கை உரித்த உடனே வைத்த துளி 65 டிகிரி காட்டுகிறது. அதே தகட்டை மேசையிலேயே விட்டு மதியம் வைத்தால் 80-ஐத் தாண்டுகிறது. மறுநாள் 90-ஐ ஒட்டி நிற்கிறது. பழைய பட்டியல்களிலோ 86 என்று இருக்கிறது. பிள்ளைகள் ரெக்கார்டில் எதை எழுதுவது? காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வந்துவிடுகிற ஊர் இது. ஈரம்தான் காரணமா?

துளிக்கோணம்

மூன்றுமே சரியான அளவுதான் மேடம். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு பரப்புகளின் அளவு.

உரித்த கணத்தில் வெளியே தெரிவது வெறும் கார்பன் தளம். அதில் தண்ணீர் ஓரளவு நன்றாகவே படியும். 64, 65 டிகிரி. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் ஹைட்ரோகார்பன் ஆவிகள் அதன் மேல் ஒட்டத் தொடங்கியதும் கோணம் ஏறும். முதல் சில நிமிடங்களில் விறுவிறுவென்று, பிறகு மெதுவாக. ஓரிரு நாளில் 90-ஐ ஒட்டி நின்றுவிடும். மேலே படிந்திருப்பது சுமார் அரை நானோமீட்டர் கனமுள்ள அடுக்கு, அவ்வளவுதான். அதன் பிறகு துளி தொடுவது கிராஃபைட்டை அல்ல, கிட்டத்தட்ட மெழுகை.

86 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபவுக்ஸ், ஹார்கின்ஸ் இருவரும் 1940-இல் வெளியிட்ட அளவு அதற்கு மிக அருகில் இருந்தது. அதுவே பட்டியல்களில் உட்கார்ந்துகொண்டது. 2003-இல் கணினியில் தண்ணீர்-கார்பன் விசையை அமைத்தவர்களும் 86 டிகிரி வரும்படிதான் தங்கள் மாறிலிகளைச் சரிசெய்தார்கள். கிராஃபைட் தண்ணீரை விலக்கும் என்பது அப்படியே நிலைத்துவிட்டது. 2013-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு நேரத்தைக் குறித்துக்கொண்டு அளந்தபோதுதான் படம் மாறியது. செம்பின் மேல் வளர்த்த புதுக் கிராஃபீனில் (ஓர் அணு கனமே உள்ள கார்பன் தாள்) 44 டிகிரியாக இருந்தது ஒரே நாளில் 80 ஆனது. கிராஃபைட்டிலும் இதே கதைதான்.

ஈரம் காரணமில்லை. சொல்லப்போனால் அது எதிர்ப்பக்கம் வேலை செய்யும். பரப்பில் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருந்தால் ஹைட்ரோகார்பன் ஏறுவது தாமதமாகும்.

மஞ்சூர்க்காரன்

இல்லீங்க, எனக்கு ஒப்பவில்லை. ஊட்டிக் காற்று சுத்தமான காற்று. சென்னையில், கோவையில் சொன்னால் நம்பலாம். இங்கே ஹைட்ரோகார்பன் எங்கிருந்து வரும்? கிராஃபைட் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறியிருக்கும்.

துளிக்கோணம்

ஆக்சிஜன் ஏறினால் கோணம் இறங்கணும் சார், ஏறக்கூடாது. கார்பாக்சில், ஹைட்ராக்சில் எல்லாம் தண்ணீரை இழுக்கிற தொகுதிகள். அதுவும் போக, கிராஃபைட்டின் தட்டையான தளம் அறை வெப்பநிலையில் ஆக்சிஜனைச் சட்டை செய்வதே இல்லை. காற்றில் 450, 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால்தான் குழி விழத் தொடங்கும்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 90 காட்டும் தகட்டை ஆர்கான் ஓட்டத்தில் 550 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஆற விட்டு எடுத்தால் கோணம் மறுபடி குறைகிறது. ஆர்கானில் சேர்ப்பதற்கு ஆக்சிஜன் ஏது? ஏதோ ஒன்று ஆவியாகிப் போயிருக்கிறது என்றுதான் பொருள். அகச்சிவப்பு நிறமாலையிலும் உரித்த உடனே இல்லாத இரண்டு கோடுகள் பிறகு எழும்பும், 2850, 2920 அலை எண்களுக்கு அருகில். இரண்டும் மெத்திலீன் தொகுதியின் கோடுகள்.

"சுத்தமான காற்று" பற்றி. ஒரு லட்சம் பாஸ்கல் காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் அந்த ஆவியின் பகுதி அழுத்தம் 0.0001 பாஸ்கல். அந்த அழுத்தத்திலேயே, மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொண்டால், ஓரிரு விநாடியில் பரப்பு மூடிவிடும். கனமான ஆல்கேன்கள் (மெழுகிலும் எண்ணெயிலும் உள்ள நீளச் சங்கிலி ஹைட்ரோகார்பன்கள்) அதைவிடப் பலமடங்கு குறைவாக இருப்பதால்தான் நிமிடக்கணக்கு, மணிக்கணக்கு ஆகிறது. மனித மூக்குக்குச் சுத்தம் என்பதும் கிராஃபைட்டுக்குச் சுத்தம் என்பதும் ஒன்றல்ல.

மஞ்சூர்க்காரன்

சரி, அப்படியென்றால் நம் ஊர் தைலக் காய்ச்சல் அடுப்புகள் பக்கத்தில் வைத்தால் இன்னும் வேகமாக ஏற வேண்டுமே?

துளிக்கோணம்

நல்ல கேள்வி. யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பங்கு சினியோல். 10 கார்பன் கொண்ட சிறு மூலக்கூறு, 176 டிகிரியில் கொதிப்பது. அது வேகமாக வந்து உட்காரும், அதே வேகத்தில் எழுந்தும் போகும். தைல வாசனை நிறைந்த ஜாடிக்குள் அளந்தால் ஒன்று, வெளியே எடுத்துக் காற்றாட விட்டு அளந்தால் இன்னொன்று என்று வரக்கூடும். நிலைத்து நிற்பவை நீளச் சங்கிலிகள்தான். 20 முதல் 26 கார்பன் வரையுள்ள நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள் ஒழுங்காக வரிசைகட்டிப் படுத்திருப்பதாக 2022-இல் வந்த ஆய்வு காட்டியது. டீசல் புகை, மெழுகு, இயந்திர எண்ணெய், பிளாஸ்டிக், நம் தோல் என்று இவற்றுக்கு வழி ஏராளம். ஊட்டியிலும் டீசல் பஸ் ஓடுகிறது.

ஊட்டி_லேப்

புரிந்தது. எங்கள் அளவிடும் முறையையும் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். இன்சுலின் சிரிஞ்சில் துளி விடுகிறோம், மொபைல் கேமராவில் பக்கவாட்டுப் படம், கணினியில் கோடு போட்டுக் கோணம். தண்ணீர் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர்.

துளிக்கோணம்

சிரிஞ்சை முதலில் தூக்கிப் போடுங்கள். பிளாஸ்டிக் சிரிஞ்சின் உள்சுவரில், உந்துதண்டு வழுக்கி ஓட சிலிக்கோன் எண்ணெய் தடவியிருப்பார்கள். அது துளியோடு வரும். நீங்கள் அளப்பது காற்றின் மாசா, சிரிஞ்சின் மாசா என்றே தெரியாமல் போகும். அளவும் ஒத்துவராது: 40 யூனிட் சிரிஞ்சில் ஒரு கோடு 25 மைக்ரோலிட்டர், 100 யூனிட் சிரிஞ்சில் 10. உங்களுக்குத் தேவை 2. கண்ணாடி மைக்ரோசிரிஞ்ச் வாங்குங்கள், இல்லாவிட்டால் மைக்ரோபிப்பெட்.

பேட்டரித் தண்ணீர் பிளாஸ்டிக் கேனில் மாதக்கணக்கில் நின்றது. கண்ணாடிக் குடுவையில் புதிதாக வடித்தது மேல். 18.2 மெகாஓம் தண்ணீர் (உப்பெல்லாம் நீக்கிய மிகத் தூய தண்ணீர்) கிடைத்தால் அன்றன்றைக்குப் பிடித்தது.

துளி பெரிதானால் தன் எடையிலேயே தட்டையாகும். 2 மைக்ரோலிட்டர் என்றால் உருண்டையின் ஒரு துண்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்போது மென்பொருளே வேண்டாம். உயரத்தை இரண்டால் பெருக்கி அடி அகலத்தால் வகுத்தால் வருவது அரைக்கோணத்தின் டேன்ஜென்ட். 64 டிகிரியில் அகலம் 2.4 மில்லிமீட்டர், உயரம் 0.75. 90 டிகிரியில் அகலம் 2, உயரம் 1. உயரத்தில் 0.05 மில்லிமீட்டர் தவறினால் 64 என்பது 67-ஐத் தாண்டிவிடும். ஆகவே கேமரா துளியின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். துளிக்குப் பின்னால் பட்டர் பேப்பர் ஒட்டிய வெள்ளை எல்.இ.டி. விளக்கு வையுங்கள். துளியும் அதன் பிரதிபிம்பமும் சந்திக்கிற இடம்தான் அடிக்கோடு. கேமராவை ஒரு டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால் அது தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் சாய்த்தால் உயரமே பொய்யாகிவிடும்.

ஊட்டிக்கென்று இரண்டு விஷயம். அறை 15 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிநிலை 13.4. கிரானைட் மேசையோ இரும்புத் தாங்கியோ அறையைவிட இரண்டு டிகிரி குளிர்ந்திருந்தாலே தகட்டில் பனித்திவலை இறங்கிவிடும். அதன் மேல் துளி வைத்தால் கோணம் சரிந்து 40, 50 என்று கூடக் காட்டும். தகடு அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே உரியுங்கள்.

இரண்டாவது, வெயில் நாளில் ஈரப்பதம் இறங்கும்போது. 2240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு. நீராவி பரவும் வேகம் அதற்கேற்பச் சுமார் 30 சதவீதம் கூடும். துளியின் விளிம்பு நகராமல் உச்சி மட்டும் இறங்கிக்கொண்டே வரும். படம் எடுக்கத் தாமதித்தால் "நன்றாக நனைகிறது" என்று ஏமாறுவீர்கள். துளி வைத்த 20 விநாடிக்குள் படம்.

கொடை_மின்வாய்

உரிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. டேப்பை விரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள், கண்ணாடித் துண்டின் விளிம்பால் ஒரே திசையில் தடவுங்கள். ஒரே இழுப்பில், ஒரே வேகத்தில் உரியுங்கள். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் படிக்கட்டு போல விளிம்பு நிற்கும், துளி அதில் மாட்டிக்கொள்ளும். டேப்பில் முழு அடுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இடையில் இடைவெளி தெரிந்தால் அங்கே டேப்பின் பசை தகட்டைத் தொட்டிருக்கிறது. இன்னொரு முறை உரிக்க வேண்டும்.

பிள்ளைகள் செலவைக் குறைக்கப் பென்சில் லெட்டை உரசி அளக்கப் பார்ப்பார்கள். அது வீண். பென்சில் லெட் என்பது கிராஃபைட், களிமண், அதோடு வழவழப்புக்காக ஊற வைத்த மெழுகு. முதல் விநாடியிலிருந்தே மெழுகைத்தான் அளப்பீர்கள். சிவகங்கைக் கிராஃபைட் செதிலும் பெரும்பாலும் சரிவராது. 2 மைக்ரோலிட்டர் துளி நிற்க இரண்டரை மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டையான இடம் வேண்டும்.

மின்வேதியியலிலும் இதே தலைவலி. உரித்த உடனே கரைசலில் இறக்கிய கிராஃபைட் மின்வாயில் ஃபெரோசயனைடு எலக்ட்ரானை வேகமாகக் கொடுத்து வாங்கும். ஒரு மணி, இரண்டு மணி காற்றில் வைத்துவிட்டு இறக்கினால் மின்னோட்ட வரைபடத்தின் இரண்டு உச்சிகளும் ஒன்றையொன்று விலகிப்போகும், மின்தேக்குத்திறனும் குறையும். கிளாஸி கார்பன் (உரிக்க முடியாத, கண்ணாடி போன்ற கார்பன்) என்றால் அலுமினாத் தூள் 1, 0.3, 0.05 மைக்ரான் என்று மூன்று கட்டமாகத் தேய்த்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் செயலூட்டிய (நுண்துளைகள் நிறைந்த) கரித்தூள் போட்டு அந்தக் கலவையில் 10 நிமிடம் அல்ட்ராசோனிக் குளியல். ஆல்கஹாலிலேயே இருக்கும் மாசைக் கரித்தூள் பிடித்துக்கொள்ளும். வெறும் அசிட்டோனில் கழுவுவது போதாது, காய்ந்ததும் தன் படலத்தை விட்டுவிட்டுப் போகும்.

ஊட்டி_லேப்

யு.வி. ஓசோன் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் வைத்து எடுத்தால்?

கொடை_மின்வாய்

மாசு போகும், கூடவே கிராஃபைட்டிலும் ஆக்சிஜன் ஏறும். அதன் பிறகு 30 டிகிரி வந்தால் "சுத்தமான கிராஃபைட் 30" என்று எழுதிவிடாதீர்கள். ராமன் நிறமாலையில் 1350-க்கு அருகே டி உச்சி எழுந்திருந்தால் தளம் சிதைந்துவிட்டது. உரிக்க முடிகிற பொருளுக்கு உரிப்பதைவிட நல்ல சுத்தம் கிடையாது.

சீகைக்கரி

படித்துக்கொண்டே வந்தேன், எனக்கு ஒன்று இடிக்கிறது. கோத்தகிரிப் பக்கம் சீகை மரத்தையும் உண்ணிச்செடியையும் கரியாக்கி காய்கறித் தோட்டத்தில் போடுகிறோம். புதுக்கரி தண்ணீர் மேல் மிதக்கும், துளி விட்டால் உருண்டு ஓடும். ஆறு மாதம் வெளியில் கிடந்த கரியோ தண்ணீரைச் சட்டென்று குடிக்கிறது. நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்! காற்று பட்டால் கார்பன் நனையாது என்றால் என் கரி மட்டும் ஏன் நனைகிறது?

துளிக்கோணம்

அண்ணா, இந்த இழைக்கே இதுதான் தேவையான கேள்வி. "கார்பன்" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் வரும் குழப்பம் இது. காற்று இரண்டு வேலை செய்கிறது. ஒன்று ஹைட்ரோகார்பனைப் படிய வைப்பது, இன்னொன்று ஆக்சிஜனை ஏற்றுவது. எது முந்துகிறது என்பது பரப்பைப் பொறுத்தது.

கணக்குப் போடலாம். அரை நானோமீட்டர் அடுக்கு என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 0.4 மில்லிகிராம் ஹைட்ரோகார்பன். மேடத்தின் தகடு ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் வெறும் 0.04 மைக்ரோகிராம் போதும். கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் கன ஆல்கேன் இருக்கும் காற்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 40 லிட்டர் காற்றில் இருப்பதே தகட்டை மூடிவிடும். செயலூட்டிய கரி ஒரு கிராமில் 1000 சதுர மீட்டர் பரப்பு. அதை மூட 0.4 கிராம், அதாவது 4 லட்சம் கன மீட்டர் காற்று! மாசு அங்கே ஒருபோதும் ஜெயிக்காது. ஆனால் கரியில் விளிம்புகளும் உடைந்த வளையங்களும் ஏராளம். ஆக்சிஜன் அவற்றில் மாதக்கணக்கில் மெதுவாகச் சேரும். கார்பாக்சிலும் ஃபீனாலும் உருவாகும், தண்ணீர் உள்ளே போகும். கிராஃபைட்டின் தட்டையான முகத்தில் அந்த விளிம்புகளே அரிது.

உங்கள் புதுக்கரி தண்ணீரை விலக்குவதற்குக் காரணம் காற்று அல்ல, சூளை. 350, 450 டிகிரியில் எரித்தால் வெளியேற வேண்டிய தார் ஆவி ஆறும்போது கரியின் மேலேயே படிகிறது. 600-க்கு மேல் போனால் அது பெரும்பாலும் போய்விடும்.

சீகைக்கரி

பீப்பாய்ச் சூளையில் 600 வருமா என்பது சந்தேகம்தான். ஆனால் சூளையைத் திறந்த உடனே சாக்கில் கட்டினால் சாக்கு சூடாவதற்கும் இதே ஆக்சிஜன்தான் காரணமோ?

துளிக்கோணம்

அதேதான். புதுக்கரி ஆக்சிஜனை இழுக்கும்போது வெப்பம் வெளிவரும். குவியலாக இருந்தால் அந்த வெப்பம் வெளியே போக வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். முழுக்க ஆறும்வரை காற்றுப் புகாமல் மூடி வையுங்கள், பிறகு மெல்லிய அடுக்காகப் பரப்பி ஒரு நாளாவது வெளியில் விட்ட பிறகு சாக்கில் கட்டுங்கள். தண்ணீர் தெளித்து அணைத்த கரி என்றாலும் உள்ளே கனல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கரி எவ்வளவு நனைகிறது என்று பார்க்கச் சேர்கோணம் வேண்டாம். தூளைத் தட்டில் மட்டமாகப் பரப்பி 50 மைக்ரோலிட்டர் துளி விட்டு, உள்ளே போகும் நேரத்தை எண்ணுங்கள். மண்ணுக்கு வைத்திருக்கும் அளவுகோல்: 5 விநாடிக்குள் போனால் நன்றாக நனையும். 60 விநாடி வரை லேசான விலக்கம், 600 வரை பலமான விலக்கம், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மிகக் கடுமையான விலக்கம். தோட்டத்தில் போடும் முன் தொழு உரத்தோடு கலந்து ஈரமாக வைத்தால் வேகமாகப் பழகும். அப்படியே காய்ந்த மண்ணில் போட்டால் முதல் மழையில் மிதந்து ஓடைக்குப் போகும்.

குன்னூர்_வடிகட்டி

வாட்டர் ஃபில்டர் கரிக்கும் இது பொருந்தும். பெட்டியைத் திறந்து மாதக்கணக்கில் வைத்த கரி தண்ணீரைச் சுலபமாக ஏற்கும், அதனால் "நல்லது" என்று நினைக்கக்கூடாது. துளைகளில் தண்ணீர் இடம் பிடித்தால் வாசனைப் பொருளுக்கும் பூச்சிமருந்துக்கும் இடம் குறையும். நச்சு ஆவிகளைத் தடுக்கும் முகமூடியின் கரி உறைகளில் இது இன்னும் மோசம். நம் ஊர் மழைக்காலத்தில் ஈரப்பதம் 90-ஐத் தாண்டும்; ஆக்சிஜன் ஏறிய கரி 40, 50 சதவீதத்திலேயே தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். உறையைப் பிரித்தால் உடனே பயன்படுத்த வேண்டும், மிச்சத்தை மூடி போட்ட கண்ணாடி ஜாடியில்.

புதுக் கரியைக் குழாயில் நிரப்பும் முன் ஒரு நாள் தண்ணீரில் ஊற வையுங்கள். துளையிலிருக்கும் காற்று வெளியேறாவிட்டால் தண்ணீர் ஓரமாக வழி பிடித்துப் போய்விடும்.

மஞ்சூர்க்காரன்

ஆக, தட்டையான கிராஃபைட்டுக்கு மணிக்கணக்கில் எண்ணெய், துளைக் கரிக்கு மாதக்கணக்கில் ஆக்சிஜன். சரி, ஒத்துக்கொள்கிறேன். இடைப்பட்டவை? கிராஃபைட் ஃபெல்ட் (கிராஃபைட் இழைகளாலான கம்பளம்), அழுத்திய கிராஃபைட் தகடு?

கொடை_மின்வாய்

அழுத்திய தகட்டில் சொரசொரப்பும் சேர்ந்து விளையாடும். உண்மைப் பரப்பு தெரிகிற பரப்பைப்போல் 1.5 மடங்கு என்றால், தட்டையில் 64 காட்டுவது அங்கே 49 காட்டும். 95 காட்டுவது 97-ஐத் தாண்டும். மாசு ஒன்றேதான், ஆனால் மாற்றம் 31 டிகிரியிலிருந்து 48-க்குப் பெருத்துவிடும். அதனால் இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடும் முன் சொரசொரப்பைக் கேளுங்கள்.

ஃபெல்ட்டைப் பேட்டரிக்காரர்கள் காற்றிலேயே 400 டிகிரியில் 30 மணி நேரம் வைத்து வேண்டுமென்றே ஆக்சிஜன் ஏற்றுகிறார்கள். சூளையிலிருந்து எடுத்ததும் கரைசலில் முக்கிவிடுவது நல்லது. பாலித்தீன் உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் பாலித்தீனிலிருந்தே ஆவி ஏறும்.

ஊட்டி_லேப்

கடைசியாக ஒன்று. தகட்டை அடுத்த பேட்ச் பிள்ளைகள் வரும்வரை எதில் வைப்பது? இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது.

துளிக்கோணம்

பிளாஸ்டிக் டப்பா, ஜெல் ஒட்டிய பெட்டி, ரப்பர் மூடி மூன்றும் வேண்டாம். சமையலறை அலுமினியத் தாளிலும், அதை உருட்டித் தகடாக்கும்போது பூசிய எண்ணெயின் மிச்சம் இருக்கும். கண்ணாடிப் பெட்ரி தட்டை அடுப்பில் 400 டிகிரியில் சுட்டு ஆற வைத்து அதில் வையுங்கள். எப்படி வைத்தாலும் அளக்கும் முன் ஒருமுறை உரித்தே ஆக வேண்டும். பத்திரப்படுத்துவது அடுத்த அடுக்கு கெடாமல் இருக்கத்தான்.

பரிசோதனையாகவே செய்ய நினைத்தால் ஒரே தகட்டில் 10 விநாடி, 5 நிமிடம், 30 நிமிடம், 3 மணி, 24 மணி என்று ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் துளி. ஒரே இடத்தில் இரண்டு முறை வைக்காதீர்கள், முதல் துளி காய்ந்த வளையம் இரண்டாவதைக் கெடுக்கும். இணையாக இன்னொரு தகட்டை, செயலூட்டிய கரி போட்ட மூடிய கண்ணாடி ஜாடியில், கரித்தூள் படாமல் உயரத்தில் வையுங்கள். கரி ஆவிகளைப் பிடித்துக்கொள்வதால் அந்தத் தகட்டின் கோணம் மெதுவாக ஏறும். இரண்டு வளைகோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால் மஞ்சூர் சாரின் முதல் சந்தேகத்துக்குப் பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.

ரெக்கார்டில் ஒற்றை எண்ணாக எழுத விடாதீர்கள். "உரித்து 10 விநாடியில் 65, 24 மணியில் 90, அறை 16 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 சதவீதம், துளி 2 மைக்ரோலிட்டர்" என்கிற மாதிரி. ஒட்டுவேலையையும் (துளியைப் பரப்பிலிருந்து பிரிக்கத் தேவையான ஆற்றல்) கணக்கிடச் சொல்லுங்கள்: பரப்பு இழுவிசையை, ஒன்றோடு கோணத்தின் கொசைனைக் கூட்டிய தொகையால் பெருக்குவது. 16 டிகிரியில் இழுவிசை மீட்டருக்குச் சுமார் 73.3 மில்லிநியூட்டன். 65-இல் சதுர மீட்டருக்கு 104 மில்லிஜூல் வரும், 90-இல் 73.

ஊட்டி_லேப்

கண்ணாடி மைக்ரோசிரிஞ்சுக்கு எழுதிப் போட்டாயிற்று. வந்ததும் ஐந்து நேரப் புள்ளிகளையும் இங்கேயே பதிகிறேன்.